ராஸ்பெரி பை 1 பலகையில் லினக்ஸ் நிறுவுதல்

ராஸ்பெரி பை 1 என்பது 2012 பெப்ரவரி 29 அன்று ஐக்கிய இராச்சியத்தில் விற்பனைக்கு வந்த ஒற்றைப்பலகைக் கணினி ஆகும். அன்று வெளியான பி மாதிரியின் விலை 35 அமெரிக்க டாலர். இதில் 700 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஏஆர்எம்11 செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தன. நினைவகம் அதே ஆண்டு அக்டோபரில் 512 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. வன்தட்டு இல்லாமையால் இயங்குதளம் எஸ்டி அட்டையிலேயே நிறுவப்படுகிறது. நிறுவும் பணி எளிது; இப்பலகைக்குப் பொருந்தும் வழங்கலைத் தெரிவு செய்வதிலேயே பெரும்பாலானோர் தவறுகின்றனர்.

பொருத்தமான வழங்கல்

இப்பலகையின் செயலி ஏஆர்எம்வி6 கட்டளைத் தொகுதியைச் சார்ந்தது. டெபியன் வழங்கலோ ஏஆர்எம் செயலிகளுக்கு இரு 32 பிட் பதிப்புகளை வெளியிட்டு வந்தது. ஆர்ம்எச்எஃப் எனும் பதிப்புக்கு ஏஆர்எம்வி7 தேவை. ஆகவே அது இதில் இயங்காது. பழைய செயலிகளுக்கான ஆர்மெல் இயங்கும். ஆனால் பலகையிலுள்ள தசமக் கணக்கீட்டு அலகைப் பயன்படுத்தாமல் அக்கணக்குகளை மென்பொருளாலேயே செய்வதால் வேகம் குறையும்.

இவ்விடைவெளியை நிரப்ப மைக் தாம்சன், பீட்டர் கிரீன் ஆகிய தன்னார்வலர்கள் டெபியனின் 35,000க்கும் மேற்பட்ட பொதிகளை ஏஆர்எம்வி6க்கென மீண்டும் தொகுத்தனர். 2012 சூனில் முடிந்த இவ்வழங்கலே ராஸ்பியன் ஆகும். இதன் வழிவந்த இயங்குதளம் 2020 முதல் ராஸ்பெரி பை ஓஎஸ் எனப்படுகிறது. இதன் 32 பிட் பதிப்பு மட்டுமே இப்பலகைக்கு ஏற்றது. வரைகலை மேசைத்தளம் இல்லாத லைட் பதிப்பைத் தெரிவது நலம். 256 மெகாபைட்டில் இன்றைய உலாவிகள் திறப்பதே அரிது.

ஆல்பைன் லினக்சும் இதில் இயங்கும். அங்கும் ஆர்ம்எச்எஃப் என்ற பெயரே வழங்குகிறது. ஆனால் அது ஏஆர்எம்வி6ஐயே குறிக்கும். ஒரே பெயருக்கு இரு பொருள் இருப்பது பலரைக் குழப்பியுள்ளது.

அட்டையில் எழுதுதல்

பதிவிறக்கிய படிமக் கோப்பை வேறொரு கணினியின் வழியாக அட்டையில் எழுத வேண்டும். கோப்பாக நகலெடுத்து ஒட்டினால் போதாது; அட்டை முழுவதும் படிமத்தின்படி எழுதப்பட வேண்டும். இதற்கு டிடி கட்டளையைப் பயன்படுத்துவோர் இலக்குச் சாதனத்தின் பெயரை இருமுறை சரிபார்க்க வேண்டும். தவறான பெயரைக் கொடுத்தால் அக்கணினியின் வன்தட்டே அழியும், டிடி எச்சரிப்பதில்லை.

தொடங்கும் முறை

மின்சாரம் கிடைத்ததும் முதலில் விழிப்பது மையச் செயலி அன்று, வரைகலைச் செயலி. அது அட்டையின் ஃபேட் பகுதியிலிருந்து தொடக்கக் கோப்புகளைப் படித்து, கெர்னலை நினைவகத்தில் ஏற்றிய பின்னரே மையச் செயலியை இயக்குகிறது. எனவே வானவில் நிறத்திரை தோன்றி அப்படியே நின்றால் பலகை பழுதில்லை. கெர்னல் இல்லை அல்லது பொருந்தவில்லை என்று கொள்ளலாம். பச்சை விளக்கு ஏழு முறை மின்னினால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்பது பொருள்.

தொலைவிலிருந்து இயக்க விரும்புவோர் ஃபேட் பகுதியில் எஸ்எஸ்எச் எனும் பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வெற்றுக் கோப்பொன்றை வைக்க வேண்டும். பை எனும் இயல்பிருப்புப் பயனர் கணக்கு 2022இல் நீக்கப்பட்டதால், பழைய கையேடுகளிலுள்ள கடவுச்சொல் புதிய பதிப்புகளில் செல்லாது.

மின்தடை

2012இல் வேலூர் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் நீண்ட மின்வெட்டு நிலவியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி அட்டையிலுள்ள கோப்பு முறைமை சிதையக்கூடும். இதற்கு ஆல்பைன் ஒரு தீர்வு தருகிறது: அதன் வட்டிலா முறையில் இயங்குதளம் முழுவதும் நினைவகத்தில் இயங்கும், பயனர் கட்டளையிட்டால் மட்டுமே மாற்றங்கள் அட்டையில் எழுதப்படும். கட்டளையிட மறந்தால் அன்றைய அமைப்புகள் யாவும் போய்விடும்.

பலகையில் மின்கலத்துடன் கூடிய கடிகாரமும் இல்லை. இணைய இணைப்பின்றித் தொடங்கினால் நாள் பின்தங்கியிருக்கும். அந்நிலையில் பொதிகளின் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழைச்செய்தி வரும். பொதி நிறுவத் தொடங்குமுன் நேரத்தைத் திருத்துவதே இதற்குத் தீர்வு.

தமிழ்

லினக்சின் உரை முனையத்தில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தோன்றுவதில்லை. அம்முனையம் ஒரே வேளையில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் ஏற்காது. கொம்பு, கால் முதலிய குறிகளை மெய்யுடன் சேர்த்து வடிவமைக்கவும் அதற்கு இயலாது. வரைகலைச் சூழலில் லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவினால் தமிழைப் படிக்கலாம். தட்டச்சுக்கு ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை இணைக்கலாம். லைட் பதிப்பைப் பயன்படுத்துவோர் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே இணைந்தால், எழுத்துகளை வரையும் வேலையை அக்கணினி ஏற்றுக்கொள்ளும்.