பட்டியலும் சரக்கும்

சென்ற ஆண்டு எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடைபெற இருந்தது. ஆய்வகத்திலுள்ள 40 கணிப்பொறிகளிலும் வேண்டிய மென்பொருள்களை ஏற்றிவைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை என்று எண்ணி, முந்திய நாள் மாலைவரை நான் சும்மா இருந்துவிட்டேன். துறையின் மூலையில் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றைத் தூசி தட்டி, அதில் ஒரு மென்பொருள் களஞ்சியம் அமைத்து ஆறு மாதம் ஆகியிருந்ததே அந்தத் துணிவுக்குக் காரணம். எந்த மென்பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ‘உண்டு’ என்று அது பதில் சொல்லும். அன்று மாலை ஐந்து மணிக்கு, வளாகத்திற்கு வெளியே சாலை தோண்டிக்கொண்டிருந்தவர்கள் இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அதன் பிறகும் களஞ்சியம் ‘உண்டு’ என்றுதான் சொல்லிற்று. சரி, கொடு என்றால் கையை விரித்துவிட்டது!

கம்பியை அறுத்தவர்களை நொந்து பயனில்லை, குற்றம் என்னுடையதே. அது எவ்வகைக் குற்றம் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

கணிப்பொறித் துறையைச் சாராத நண்பர்களுக்காகச் சற்று முன்னிருந்தே தொடங்குகிறேன். லினக்ஸ் கணிப்பொறியில் ஒரு மென்பொருள் வேண்டுமானால், இணையத்திலுள்ள களஞ்சியங்களிலிருந்து இறக்கிக்கொள்கிறோம். அங்கே மென்பொருள்கள் சிறு சிறு பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. பொதிகளோடு ஒரு பட்டியலும் உண்டு. இன்ன பொதி, இன்ன பதிப்பு, அதன் அளவு, அதற்குத் துணையாக வேண்டிய பிற பொதிகள், அதன் கைரேகை ஆகிய யாவும் அதில் கண்டிருக்கும். கைரேகை என்று நான் சொல்வது, கோப்பிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்திப் பெறும் எண்ணை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும்.

இத்தகைய களஞ்சியத்தின் நகல் ஒன்றைத் தம் இடத்திலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். களஞ்சியங்களை நிருவகிப்பதற்கென்றே பல்ப் என்ற மென்பொருள் இருக்கிறது. நான் பயன்படுத்தியதும் அதுதான். அது மூன்று வழிகளை நம்முன் வைக்கிறது. பட்டியலையும் பொதிகளையும் முழுவதுமாக உடனே இறக்கிவிடுவது ஒன்று. பட்டியலை மட்டும் முதலில் இறக்கி, யாராவது ஒரு பொதியைக் கேட்கும்போது அதை வெளியிலிருந்து கொணர்ந்து கொடுத்து, கையில் ஒரு படியும் வைத்துக்கொள்வது மற்றொன்று. கொணர்ந்து கொடுத்துவிட்டுப் படி எதுவும் வைத்துக்கொள்ளாதிருப்பது மூன்றாவது வழி. என்னிடம் இருந்த வட்டின் கொள்ளளவு 1 டெராபைட். பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமோ 20 டெராபைட்டைத் தாண்டியது. எனவே நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். அதில் தவறில்லை. அறுபத்து நாலாயிரத்தில் எங்கள் ஆய்வகம் தொடக்கூடியவை சில நூறு பொதிகளே, மற்றவற்றைச் சுமப்பானேன்?

கேட்டபின் கொணரும் இம்முறையின் பயனைச் சிறு கணக்கால் காட்டலாம். பைடார்ச் என்ற பொதியின் பதிப்புகள் பல 700 மெகாபைட்டைத் தாண்டியவை. 750 என்றே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வெளியிணைப்பில் அது வந்துசேர 1 நிமிடம் ஆகும். நாற்பது பேரும் தனித்தனியே இறக்கினால் 40 நிமிடம். ஒரு முறை மட்டும் வெளியிலிருந்து கொணர்ந்து வைத்துக்கொண்டால், ஆய்வகத்திற்குள் விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் நாற்பது பேருக்கும் வழங்க 4 நிமிடம் போதும்.

ஆனால் ஆசிரியர் ‘ஏற்றுங்கள்’ என்றதும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் விசையைத் தட்டுவார்கள் அல்லவா? முதல் மாணவனுக்காகப் போன கோரிக்கை முடியுமுன்னரே மற்ற முப்பத்தொன்பதும் வந்து நிற்கும். கையில் படி இல்லை என்று கண்டு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே வெளியே ஆள் அனுப்பும் களஞ்சியம், 40 நிமிடத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடும். ஒரே பொதிக்கு வந்த கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒருவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்களை வாசலில் காத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு இன்றியமையாதது. நேரம் மட்டுமன்று இங்கே பிரச்சினை. டாக்கர் ஹப் என்ற களஞ்சியம் 2020 நவம்பரில், பெயர் பதியாமல் கேட்பவர்களுக்கு ஒரு முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறை என்று வரம்பு கட்டியது. ஒரு வளாகம் முழுவதும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகத் தெரியும் இடங்களில், அந்த நூறு எத்தனை நிமிடம் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கொணர்ந்ததை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது அடுத்த வினா. நம் வீட்டில் உப்பை ஜாடியில் போட்டு வைக்கிறோம்; பாலை அன்றன்று வாங்குகிறோம். பொதி உப்பைப் போன்றது. பதிப்பு எண் தாங்கி ஒருமுறை வெளிவந்த பொதி பிறகு மாறுவதில்லை. மாறினால் கைரேகை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் கெடாது. பட்டியலோ பால். பிழை திருத்திய புதுப் பதிப்பு இன்று வந்திருக்கும்போது நேற்றைய பட்டியலை நாம் நீட்டினால், ஓட்டையுள்ள பழைய மென்பொருளையே பிள்ளைகள் ஏற்றிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புவார்கள். பழைய பட்டியலை வேண்டுமென்றே காட்டி ஏமாற்றுவோரும் உண்டு. அதனாலேயே டெபியன் களஞ்சியத்தின் சில பகுதிகளில், இன்ன தேதிவரை செல்லும் என்று பட்டியலிலேயே குறித்துவிடுகிறார்கள். பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘என்னிடம் உள்ளது மாறிவிட்டதா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற குறுமறுமொழி வரும். அதற்குச் செலவு மிகச் சொற்பம்.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பாவித்து, எல்லாக் கோப்புக்கும் ஒரே கெடு வைக்கிறவர்கள் நிறைய. பட்டியலின் ஒரு பகுதி பழையதும் மறு பகுதி புதியதுமாகக் கலந்து, கைரேகை பொருந்தவில்லை என்று கணிப்பொறி முரண்டு பிடிப்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள்.

வட்டு நிரம்பியபின் எதை வெளியே தள்ளுவது? ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி 1966-இல் இதற்கு ஒரு விடை கண்டார். இனி எது மிக நெடுங்காலம் கழித்துத் தேவைப்படுமோ அதைத் தள்ளுவதே மிகச் சிறந்தது என்றார். அவர் ஆராய்ந்தது கணிப்பொறியின் நினைவகத்தை. ஆயினும் வினா ஒன்றே. விடையைப் பின்பற்றத்தான் வழியில்லை. சோதிடம் தெரிய வேண்டுமே! ஆகையால் நெடுநாளாக யாரும் தொடாததைத் தள்ளுவது வழக்கமாயிற்று. பொதிகளைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. நினைவகத்திலிருந்து தள்ளியது வட்டில் பத்திரமாக இருக்கும். களஞ்சியத்திலிருந்து தள்ளியது வெளியே இன்னும் இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பொதுக் களஞ்சியமான என்.பி.எம்.-இலிருந்து, ‘லெப்ட்-பேட்’ என்ற பொதியை அதன் ஆசிரியர் ஒரு பூசலை முன்னிட்டு நீக்கிவிட்டார். பதினோரு வரிதான் அந்த நிரல். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று கட்டி எழுப்ப முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் அதை மீட்டுவிட்டார்கள். பொதிகளை நீக்கும் விதியையும் பின்னர் இறுக்கினார்கள். பூசல் எதுவும் இன்றியே மறைவனவும் உண்டு. டெபியன் களஞ்சியத்தில் ஒரு பொதிக்குப் புதுப் பதிப்பு வந்தால், பழைய பதிப்பு நாளடைவில் எடுக்கப்பட்டுவிடும். பழையனவற்றை அவர்கள் தனியாக ஓர் ஆவணக் களஞ்சியத்தில் சேமித்து வைக்கிறார்கள். ஆனால் நம் பட்டியல் அந்த முகவரியைக் காட்டாது.

இங்கேதான் என் குற்றம் இருக்கிறது. தேர்வுக்காகப் பதிப்புகள் மாறக்கூடாது என்று பட்டியலை ஒரு மாதத்திற்கு முன்பே நான் உறையவைத்திருந்தேன். பொதிகளை மட்டும் ‘கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். கம்பி அறுந்த அன்று அது தெரிந்தது. கம்பி அறாவிட்டாலும், இடையில் எடுக்கப்பட்டுவிட்ட பதிப்பு ஏதேனும் ஒன்று எங்களை ஏமாற்றியிருக்கும். பட்டியலைப் புதிதாக வைத்திருந்தால் பொதிகளைக் கேட்டபின் கொணரலாம். பட்டியலை நிறுத்திவைக்க வேண்டுமானால் அதில் நமக்கு வேண்டியனவற்றை அன்றே கையில் வாங்கிவிட வேண்டும். ஆய்வேட்டிற்காகக் கணக்கீடுகள் செய்துவரும் நண்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இரண்டாண்டு கழித்துத் தேர்வாளர் ஒருவர் அதே முடிவை மீண்டும் காட்டச் சொல்லும்போது, பதிப்பு எண்களை எழுதி வைத்த தாள் மட்டும் போதாது.

அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது என் களஞ்சியம் அன்று. மூத்த ஆய்வு மாணவர் ஒருவர், இறக்கிய பொதிகளை அழிக்காமல் தம் கணிப்பொறியில் குவித்து வைத்திருந்தார். அந்தப் பழக்கத்தை நாங்கள் பலமுறை கேலி செய்ததுண்டு. அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மேசை மேசையாகச் சென்று ஏற்றி முடிக்க இரவு இரண்டு மணி ஆயிற்று.

இப்போது தேர்வுக்கு வேண்டிய பொதிகளையும், அவற்றிற்குத் துணையான பொதிகளையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலை நிறுத்தும் இரவே களஞ்சியம் அவற்றை முழுவதும் இறக்கிவிடுகிறது. வட்டு எவ்வளவு நிரம்பினாலும் அவற்றைத் தள்ளக்கூடாது என்பது கட்டளை. எஞ்சியவை பழையபடி கேட்டபின் வருவனவே. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வெளியிணைப்பைக் கழற்றிவிட்டு, எதுவும் ஏற்றாத கணிப்பொறி ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கிறேன். இந்த ஆண்டு இரண்டு பொதிகள் குறைந்தன.