தலைக்காயம்: சாலையிலும் அதன் பின்னரும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. பணிமுறை மாறும் வேளைகளில் இச்சாலையை இருசக்கர வாகனங்கள் நிறைத்துவிடுகின்றன. ஓசூர்ப் பகுதியிலிருந்து வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்களும் இதில் பயணம் செய்கின்றனர். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திராவை எட்டிவிட்டது. எனினும், அதற்கு அப்பாலுள்ள ஊர்களில் வசிப்போர் பலருக்கு மோட்டார் சைக்கிளே இன்றும் துணை.

2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இத்தகையோரின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணம் தலைக்காயமே.

இருவகைச் சேதம்

மூளை மென்மையான உறுப்பு. கடினமான மண்டையோட்டினுள், நீர்மத்தில் மிதந்தவாறு அமைந்துள்ளது. ஓடும் வாகனத்திலிருந்து விழுபவரின் தலை தரையில் மோதி நிற்கும்; ஆனால் மூளை உள்ளே தொடர்ந்து நகர்ந்து எலும்பில் மோதும். இதனால் திசுக்கள் நசுங்குகின்றன, நரம்பிழைகள் அறுகின்றன, இரத்தக் குழாய்கள் கிழிகின்றன. கணப்பொழுதில் நேரும் இம்முதற் சேதத்தை எந்த மருத்துவராலும் முற்றிலும் சீராக்க இயலாது.

இரண்டாம் சேதம் அடுத்துவரும் மணிகளில் நிகழ்வது. மூளை வீங்குகிறது; கசிந்த இரத்தம் உறைந்து கட்டியாகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காததால் உள்ளழுத்தம் உயர்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. மூச்சுத் தடையும் இரத்த அழுத்தக் குறைவும் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். இச்சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம். சிகிச்சையின் நோக்கம் இதுவே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

அடிபட்டவர் எழுந்து நின்று தெளிவாகப் பேசியதும் ஆபத்து நீங்கியதாக எண்ணுவது தவறு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, சில மணி நேரம் நன்றாக இருந்தவர் திடீரென நினைவிழக்கக்கூடும். கடும் தலைவலி, தொடர் வாந்தி, குழப்பம், மிகுந்த உறக்கம், வலிப்பு, கைகால் தளர்ச்சி, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மது வாடை வீசுவதால் மயக்கத்துக்குக் குடியே காரணமென்று முடிவு செய்துவிடலாகாது.

முதலுதவியும் சிகிச்சையும்

108 எண்ணை அழைக்க வேண்டும். கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால், காயமுற்றவரை இழுத்துத் தூக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தண்ணீர் புகட்டக் கூடாது.

மருத்துவமனையில் கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் கொண்டு உணர்வுநிலை மதிப்பிடப்படுகிறது. 1974இல் டீஸ்டேல், ஜென்னட் ஆகியோர் வகுத்த கிளாஸ்கோ அளவுகோலின்படி முழு உணர்வுக்கு 15 மதிப்பெண்; 8 அல்லது அதற்குக் கீழானால் கடுங்காயம். சி.டி. ஸ்கேன் இரத்தக் கட்டியைக் காட்டும்; தேவைப்பட்டால் அறுவை செய்து அதனை அகற்றுவர்.

இதே ஓசூர் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், நரம்பியல் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது. ஆயினும், மூச்சும் இரத்த ஓட்டமும் தடுமாறும் நிலையில் நெடுந்தொலைவு பயணம் செய்வதைவிட, ஸ்கேன் வசதியும் அறுவை மருத்துவரும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையை முதலில் நாடுவதே சாலச் சிறந்தது.

தடுப்பு முறைகள்

தலைக்கவசத்தின் உட்புற நுரைப்பகுதி தான் நசுங்கி, மோதலின் வேகத்தை ஏற்றுக்கொள்கிறது. தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் அது குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆனால் தாடைப்பட்டையை இறுக்காவிடில் மோதும் கணத்திலேயே அது கழன்றுவிடும். ஆலையில் அணியும் பாதுகாப்புத் தொப்பி மேலிருந்து விழும் பொருள்களைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டது. சாலைக்கு அது உதவாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வாகனத் தலைக்கவசமே தேவை. கர்நாடகத்தில் பின்னிருக்கைப் பயணிக்கும் 2016 முதல் இது கட்டாயம்.

உதவ முன்வருவோரைச் சட்டமும் காக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவரை வழக்குக்கு உட்படுத்த இயலாது. தம் பெயரைத் தெரிவிக்குமாறும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பிழைத்து வீடு திரும்பியவரிடம் மறதியும் எரிச்சலும் சோர்வும் பல மாதங்கள் நீடிக்கலாம். இவற்றைச் சோம்பல் என்று குடும்பத்தாரும் மேலாளரும் கருதுவதால் வேலையிழந்தோர் உண்டு. படிப்படியாகப் பணிக்குத் திரும்ப வாய்ப்பளிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பணிமுறை முடியும் வேளையில், ஆலை வாயிலிலேயே தலைக்கவசத்தைச் சரிபார்க்கும் வழக்கத்தை நிர்வாகங்கள் மேற்கொண்டால், இத்துயரத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.