இயந்திர முகவர்க்கு எழுதும் கருவி விளக்கம்

கருவியொன்றைச் செய்தல் ஒரு தொழில். அதனைப் பிறர் பிழையின்றிக் கையாளுமாறு விளக்கி எழுதுதல் பிறிதொரு தொழில். நெடுங்காலம் இத்தகைய விளக்கங்களை வாசித்தோர் மனிதரே. ஐயம் எழுந்தவிடத்து அவர் அறிந்தோரைக் கேட்பர். கேட்டும் தெளியாவிடின் கருவியைத் தொடாது விடுவர். இன்றோ செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருள்களும் விளக்கங்களை வாசித்துத் தாமே கருவிகளை இயக்குகின்றன. இப்புதிய வாசகருக்கு எழுதும் விளக்கம் எத்தகையதாதல் வேண்டும் என்பதை, முகிற் சேவையகத்தைத் தொடக்கும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் பயனுடையது.

முகிற் கணிமையாவது யாதெனின், கணினிகளை விலைக்கு வாங்காது, தொலைவிலுள்ள கணினி நிலையங்களிலிருந்து வேண்டிய அளவு கணிப்பாற்றலை இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெறும் முறையாகும். அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய ஈசி2 என்னும் சேவை இதற்குத் தக்க உதாரணம். உரிய கட்டளையை அனுப்பினால் சேவையகமொன்று சிறிது நேரத்தில் இயங்கத் தொடங்கும். பணிசெய்யினும் வாளா கிடப்பினும், அது இயங்கும் காலமெல்லாம் பொதுவாகக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

இக்கட்டளையை அனுப்பும் முகவர் கருவியின் உள்ளமைப்பை அறியாது. கருவியின் பெயர், அதனைப்பற்றிய விளக்கம், கொடுக்கவேண்டிய விவரங்களின் வரையறை என்பனவே அதன்முன் வைக்கப்படுவன. அன்த்ரோபிக் நிறுவனம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட மொடல் கொன்ரெக்ஸ்ட் புரொட்டக்கோல் என்னும் நெறிமுறையிலும் இம்மூன்றும் கருவியின் அங்கங்களாக இடம்பெற்றுள்ளன. தமிழ் நூன்மரபில் சூத்திரம் சுருங்கிய சொல்லால் அமையும். உரை அதன் பொருளை விரிக்கும். உரையும் விளங்காவிடின் ஆசிரியர் தெளிவிப்பார். முகவருக்குப் பெயரே சூத்திரம், விளக்கமே உரை. ஆசிரியரோ பெரும்பாலும் அருகில் இல்லை. ஆதலின் ‘சேவையகத்தைத் தொடக்கும்’ என்னும் ஒருவரி விளக்கம் உண்மையாயினும் போதியதன்று. அதனோடு சேரவேண்டியவற்றுள் நான்கு தலையாயவை.

முதலாவது, மீள அனுப்புதல் பற்றியது. கட்டளை சென்று சேர்ந்தபின் அதன் விடை வழியில் தவறுதல் உண்டு. விடை காணாத முகவர் கட்டளையை மீண்டும் அனுப்பும். ஒன்று வேண்டியவிடத்து இரண்டு சேவையகங்கள் இயங்கும். ஒருவரும் அறியாத இரண்டாவதற்கும் கட்டணம் ஏறும். இதனைத் தடுக்கவே ஈசி2 கட்டளையில் ‘கிளையன்ட் டோக்கன்’ என்னும் அடையாளம் வைக்கப்பட்டுள்ளது. அதே அடையாளத்தோடும் அதே விவரங்களோடும் கட்டளை மீண்டும் வரின் புதிய சேவையகம் தோன்றாது. மீள அனுப்புங்கால் பழைய அடையாளத்தையே வழங்குக என்று விளக்கம் கூறாவிடின், முகவர் ஒவ்வொரு முறையும் புதியதோர் அடையாளத்தை ஆக்கிக் காவலைப் பயனிலதாக்கிவிடும்.

இரண்டாவது, விடையின் பொருள். கட்டளை ஏற்கப்பட்டது என்பதும் சேவையகம் ஆயத்தமாயிற்று என்பதும் ஒன்றல்ல. புதிய சேவையகம் முதலிற் காத்திருப்பு நிலையில் இருந்து பின்னரே இயங்கு நிலையை அடையும். உடனே வினவின், அத்தகைய சேவையகம் இல்லை என்ற விடையும் சிலவேளை வரக்கூடும். சிறிது பொறுத்து மீண்டும் நிலையைக் கேட்டறிக என்பது விளக்கத்தில் இல்லையேல், முகவர் முயற்சி தோற்றதெனக் கருதி மற்றொன்றைத் தொடக்கும்.

மூன்றாவது, ஒத்திகை. கட்டளையோடு ‘டிரை ரன்’ என்னும் குறிப்பைச் சேர்த்தால் சேவையகம் தொடங்கப்படாது. தொடக்கும் உரிமை உண்டா என்பது மட்டுமே சோதிக்கப்படும். வியப்புக்குரியது யாதெனின், உரிமை உண்டு என்னும் விடையும் பிழைச்செய்தியின் வடிவிலேயே வருகின்றது. செய்தியின் பெயரை நோக்கியே உரிமை உண்டோ இல்லையோ எனத் துணியவேண்டும். இதனை எழுதிவையாதவிடத்து முகவர் வெற்றியைத் தோல்வியென மயங்கும்.

நான்காவது, நிறுத்தலுக்கும் முடித்தலுக்கும் உள்ள வேறுபாடு. நிறுத்திய சேவையகத்தை மீண்டும் இயக்கலாம். கணிப்பாற்றலுக்குரிய கட்டணம் நின்றாலும் சேமிப்பு வட்டுக்குரிய கட்டணம் தொடரும். முடித்த சேவையகமோ மீளாது. இயல்பான அமைப்பில் அதன் முதன்மை வட்டும் உடன் அழியும். ‘வேலை முடிந்தது, அணைத்துவிடு’ என்று ஒருவர் கூறின், அச்சொல் இரண்டிற்கும் பொருந்தும். ஈண்டு விளக்கம் மயக்கமாயின் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் அழியலாம். எனவே முடிக்கும் கருவியின் விளக்கம் ‘இது மீட்கமுடியாதது, பயனரின் வெளிப்படையான இசைவு பெற்றே செய்க’ எனத் தொடங்குதல் நன்று.

மேற்கூறிய நெறிமுறையின் 2025ஆம் ஆண்டு மார்ச்சுப் பதிப்பு, ஒரு கருவி வாசிப்பதற்கு மட்டும் உரியதா, அழிக்கும் இயல்புடையதா, மீளச் செய்யினும் மாற்றம் விளைக்காததா என்பனவற்றை அறிவிக்கும் குறிப்புக்களுக்கும் இடமளித்தது. ஆயினும் அவை குறிப்புக்களே, தடைகள் அல்ல. விளக்கம் எத்துணைச் சிறந்ததாயினும் பூட்டின் தொழிலைச் செய்யாது. எத்தனை சேவையகங்கள், எவ்வளவு பெரியவை, எவ்விடத்தில் என்னும் எல்லைகளை முகவருக்கு வழங்கும் உரிமைகளிலும் வகுத்தல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், நல்ல விளக்கம் கருவி செய்வதை மட்டும் கூறி அமையாது. அது செய்யாதது யாது, எப்பொழுது அதனைப் பயன்படுத்தலாகாது, விளையும் செலவு யாது, பிழை நேரின் அடுத்துச் செய்யத்தக்கது யாது என்பனவற்றையும் கூறும். எழுதியபின் அதனை முகவரிடம் கொடுத்து, விடை தவறிய நிலையையும் ஐயமான ஏவலையும் வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்தல் முறையாகும். முகவர் வழுவும் இடம் பலவேளைகளில் எழுதியவர் சொல்லாது விட்ட இடமே. அவ்விடத்தை நிரப்பும் கடமை எழுதியவரையே சாரும். ஏனெனில் கட்டணத்தைச் செலுத்துவோரும் இழந்த தரவுக்கு வருந்துவோரும் மனிதரேயாவர்.