கல்லூரிப் பைக்குள் ஒரு சின்ன டப்பா: ஐந்து நிமிடத்தில் பசியாற

செங்காங்கில் வீடு, இயோ சூ காங் பக்கம் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி. காலை 8 அல்லது 9 மணிக்கு வகுப்பு என்றால் அந்த மாணவருக்கு வீட்டில் உட்கார்ந்து பசியாற நேரம் கிடைப்பது அரிது. இலகு ரயிலைப் பிடித்து செங்காங் நிலையம், அங்கிருந்து சிராங்கூன், பிறகு வட்டப் பாதையில் பீஷான், மீண்டும் ஒரு ரயில் மாற்றம். வழியில் எதையாவது கொறிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரயிலிலும் நிலையத்திற்குள்ளும் உண்பதற்கும் பருகுவதற்கும் தடை உண்டு; மீறினால் 500 வெள்ளி வரை அபராதம்.

விளைவு, பசி முழுவதும் முதல் இடைவேளைக்குச் சேர்ந்து வருகிறது. பத்து நிமிடத்தில் கிடைப்பது ஒரு கறிபப்பும் ஒரு பபிள் டீயும்தான். வாரம் ஐந்து நாள் இப்படிப் போனால் கைச்செலவும் கூடும், உடம்பும் சோர்ந்துபோகும். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்துச் சென்றால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் டப்பாவுக்குள் என்ன வைப்பது என்பதை ருசி மட்டும் முடிவுசெய்வதில்லை. 30 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊர் வெயிலும், மூடிய பைக்குள் கழியும் அந்த ஒரு மணி நேரமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பொதுவான அறிவுரை. ஆகவே ஈரமானதை முதல் இடைவேளையிலேயே முடித்துவிட வேண்டும். உலர்ந்ததைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மற்றவை எளிது.

பழைய ரயில் பயணக் கைவேலை

தமிழ்நாட்டில் நெடுந்தூர ரயிலில் போகிறவர்கள் இட்லியை எப்படிக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். தேங்காய்ச் சட்னி பக்கமே போக மாட்டார்கள். அது சீக்கிரம் ஊசிப்போகும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இரு பக்கமும் தடவி, வாழையிலையில் வைத்துக் கட்டுவார்கள்.

அதே வேலை இங்கேயும் பலிக்கும். முதல் நாள் இரவு மிஞ்சிய இட்லியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் நீர் தெளித்து மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கினால் மீண்டும் மெத்தென்று ஆகிவிடும். நான்காக வெட்டி, இரண்டு தேக்கரண்டி இட்லிப்பொடி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் புரட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே டப்பாவை மூடினால் ஆவி நீராகி இட்லி நசநசத்துவிடும். சட்டை மாற்றும் நேரம் திறந்து வைத்தால் போதும். கையில் ஒட்டாமல் ஒரு முள்கரண்டியால் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கலாம். மாவு அரைக்க நேரமில்லாத வீடுகளுக்குக் கடைகளில் பாக்கெட் மாவு இருக்கவே இருக்கிறது.

ஒன்பது நிலையம் தள்ளி ஒரு சேமிப்பறை

செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா, ரயில் மாறாமல் ஒன்பதாவது நிறுத்தம். தேக்கா நிலையத்தைச் சுற்றியும் பஃபலோ ரோட்டிலும் உள்ள மளிகைக் கடைகளில் மாதம் ஒருமுறை பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அவல், பேரீச்சம்பழம் வாங்கி வைத்தால் போதும். இவற்றுக்கு அடுப்பே தேவையில்லை.

பொட்டுக்கடலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். வேர்க்கடலையில் அது நான்கில் ஒரு பங்கு. புரதமும் நார்ச்சத்தும் மெல்லச் செரிப்பதால்தான் ஒரு கைப்பிடி கடலை, ஒரு பாக்கெட் பிஸ்கட்டைவிட நெடுநேரம் பசி தாங்குகிறது. இரண்டையும் கலந்து, கொஞ்சம் உலர்திராட்சை சேர்த்து மூடியிறுக்கமான புட்டியில் போட்டால் பிற்பகல் வகுப்புக்குக் கவலையில்லை.

இனிப்பு வேண்டுமென்றால் மாலாடு. ஒரு கப் பொட்டுக்கடலையையும் அரை கப் சீனியையும் இரண்டு ஏலக்காயோடு மிக்சியில் பொடித்துக்கொள்ள வேண்டும். கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக நெய்யை உருக்கி, சூட்டோடு ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. தண்ணீர் படாததால் ஒரு வாரம் தாங்கும். ஊரில் சீனியை மாவுக்குச் சரியாகவே போடுவார்கள், பாதி போட்டாலும் உருண்டை உடைவதில்லை. சீனியே வேண்டாம் என்பவர்கள் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து அரைத்து உருட்டலாம்.

இரவு பதினொரு மணிப் பசி

ஒப்படைப்பு வேலையோடு விழித்திருக்கும் இரவில் கை தானாக உடனடி நூடல்சைத் தேடும். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. ஒரு பாக்கெட் நூடல்சிலேயே அதில் பாதிக்கு மேல் இருக்கக்கூடும். அதன் பெரும்பகுதி மசாலாப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி கங்கோங் கீரையும் சேர்த்தால் அது ஓரளவு உணவாகிவிடும்.

ஆனால் அவல் இருக்கும் வீட்டில் நூடல்ஸ் எதற்கு? மெல்லிய அவலைக் கழுவிப் பிழிந்தாலே பதமாகிவிடும், தடித்த அவலுக்குப் பத்து நிமிடம் ஊற வேண்டும். தயிர், உப்பு, துருவிய கேரட், நறுக்கிய பச்சை மிளகாய் சேர்த்தால் காரம். தேங்காய்த் துருவலும் குலா மலாக்காவும் சேர்த்தால் இனிப்பு.

பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு அறையில் சமைக்கப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. அவர்களுக்கு டின் கொண்டைக்கடலை கைகொடுக்கும். நன்றாகக் கழுவினால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். வெங்காயம், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுக் கிளறினால் தாளிக்காத சுண்டல் தயார். பொது அறையில் மைக்ரோவேவ் இருந்தால் ஒரு குவளையில் முட்டையை அடித்து, வெங்காயமும் ஒரு கரண்டிப் பாலும் கலந்து ஒன்றரை நிமிடம் வைத்தால் ஆம்லெட். ஓட்டோடு முழு முட்டையை மட்டும் உள்ளே வைத்துவிடக் கூடாது. வெடித்துவிடும், பிறகு அடுப்பைத் துடைப்பதற்கே இரவு போய்விடும்.

பானத்தில் ஒளிந்திருக்கும் சீனி

கடித்துச் சாப்பிடுவதை இவ்வளவு கவனித்துவிட்டு, குடிப்பதில் கோட்டைவிடுகிறவர்கள் பலர். சிங்கப்பூரில் நீரிழிவு நோய் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம். நீரிழிவுக்கு எதிரான போரைச் சுகாதார அமைச்சு 2016ல் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் ஏ முதல் டி வரையிலான நியூட்ரி-கிரேடு குறியீடு. போத்தல், டின் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் உடனடியாகத் தயாரித்துத் தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் இறுதியிலும் இது நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது டி தரம்.

பபிள் டீ கடையின் விலைப்பட்டியலில் அந்த எழுத்தைப் பார்க்க அரை நொடி போதும். காப்பிக்கடையில் வாய்ச்சொல்லே போதும். ‘தே’ என்றால் கெட்டியான இனிப்புப் பால் விழும். ‘தே சி கோசோங்’ என்றால் சீனியில்லாத பால். ‘சியூ தாய்’ என்றால் சீனி குறைவு. வீட்டிலிருந்து மோர் கொண்டுபோவதானால் உறைந்த நீர்ப்போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குளிர்ச்சியாகவே கொண்டுபோக வேண்டும்.

டப்பாவை நண்பர்களிடம் நீட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது அவசியம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு கடி கூட ஆபத்தாகலாம். இட்லிப்பொடியிலும் சில வீடுகளில் வேர்க்கடலை அரைத்துச் சேர்ப்பதுண்டு. மாலையில் வீடு திரும்பியதும் டப்பாவை உடனே கழுவிவிடுவதும் நல்லது. வெள்ளிக்கிழமை பைக்குள் மறந்துபோன நல்லெண்ணெய் டப்பாவைத் திங்கட்கிழமை திறந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.