பிறர் துயர் சுமக்கும் நெஞ்சங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. அந்நாள்களில் நிவாரண முகாம் ஒன்றில், காணாமற்போனோரின் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளும் பணி ஓர் இளைஞருக்கு வாய்த்தது. பிள்ளையின் சட்டை நிறத்தையும் காற்கொலுசையும் தாய்மார் அழுதவாறு சொல்வார்கள், அவர் எழுதிக்கொள்வார். அவர் குடும்பத்தில் எவருக்கும் தீங்கில்லை. ஒரு மய்யித்தையும் அவர் தொட்டதில்லை. எனினும் சில திங்கள்களுக்குப் பின் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், இரவில் பலமுறை எழுந்து என் பிள்ளைகள் மூச்சுவிடுகிறார்களா என்று பார்க்கிறேன். தொழுகையில் நின்றால் அந்தத் தாய்மாரின் குரலே கேட்கிறது. என் ஈமான் பலவீனமாகிவிட்டதா?" என்று வினவினார்.

"திக்ரை அதிகமாக்குங்கள், சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். திக்ரு நெஞ்சுக்கு அமைதி தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு நான் விடையளிக்கவில்லை. அவர் கொண்டுவந்த அச்சத்தோடேயே அவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த விடையை இன்று எழுதுகின்றேன்.

துயருற்றோரின் வரலாறுகளைத் தொடர்ந்து செவிமடுப்போரின் உள்ளத்தில் அத்துயர் தங்கிவிடுவதுண்டு. உறக்கம் குலையும், உலகமே அபாயம் நிறைந்ததாகத் தோன்றும். மெக்கான், பேர்ல்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர் 1990-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து இதற்கென ஒரு பெயரும் இட்டனர். இது கோழைத்தனமன்று, ஈமானின் குறையுமன்று.

ஈமானின் சிகரமாய்த் திகழ்ந்த பெருமானார் (ஸல்) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 4-இல் பிஃரு மஊனாவில் குர்ஆனை ஓதும் தோழர்கள் எழுபதுபேர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். அண்ணலார் அவ்வளவு துயருற்றதைத் தாம் கண்டதில்லை என அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். அத்துயரை அவர்கள் மறைக்கவில்லை. ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதி இறைவனிடம் முறையிட்டார்கள். அதே சமயம், மக்கள் நேர்வழிக்கு வரவில்லையே என்று தம்மையே மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் வருந்தியபோது, கஹ்ஃபு அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் அவர்களுக்கு ஆறுதல் கூறுகின்றான். ஆம், பிறருக்காக வருந்துவதற்கும் எல்லை உண்டு.

உஹதுப் போர்க்களத்தை நோக்கி ஸஃபிய்யா (ரலி) அவர்கள் விரைந்து வந்தார்கள். சகோதரர் ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்தது. அக்காட்சியை அப்பெண்மணி காண்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. மகன் ஸுபைர் (ரலி) ஓடிச்சென்று தடுத்தார்கள். அன்னையார் நின்றார்கள், கபனுக்கெனக் கொண்டுவந்த இரு துணிகளை மட்டும் கொடுத்தார்கள். உதவி சென்று சேர்ந்தது, கண் காக்கப்பட்டது. இன்று கைப்பேசியில் வரும் கோரக் காட்சிகளைப் பிள்ளைகள் சூழ அமர்ந்து பார்க்கும் இல்லத்தார் இதனைச் சிந்திக்க வேண்டும். உதவுவதற்குப் பார்ப்பது வேறு. வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

ஜனாஸாவைக் குளிப்பாட்டுவோரே, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வோரே, ஆம்புலன்ஸ் ஓட்டுவோரே! உடலுக்கும் குடும்பத்துக்கும் உங்கள்மீது உரிமை உண்டு. வணக்கத்தில் மூழ்கி மனைவியையும் உறக்கத்தையும் மறந்திருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) இதனையே உணர்த்தினார்கள். நாயகமும் அதனை உண்மையென ஏற்றார்கள். ஆகவே பணியை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். வேளையோடு உண்டு உறங்குங்கள். இறந்தவரின் மறைவைக் காத்து, உங்கள் மனவேதனையை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் கூறுங்கள். வாரக்கணக்கில் உறக்கமில்லையெனில் மனநல மருத்துவரை நாடுங்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

ஜமாஅத் தலைவர்களும் உலமாக்களும் இத்தகையோரைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்கத் தவறியவர்களுள் நானும் ஒருவன்.

அந்தச் சகோதரர் இதனைப் படிப்பாராயின் அறிந்துகொள்ளட்டும்: உங்கள் ஈமான் பலவீனமடையவில்லை. பிறர் பிள்ளைகளுக்காகவும் உங்கள் நெஞ்சம் அழுதது. அது அல்லாஹ் அளித்த ரஹ்மத். அந்த நெஞ்சத்திற்கு வல்ல நாயன் அமைதியை அருள்வானாக! ஆமீன்.