அரிதாரம் கலையும்போது: ‘உத்தம வில்லன்’

2015 மே 2 அன்று வெளியான ‘உத்தம வில்லன்’ படத்தின் நாயகன் மனோரஞ்சன், வயதேறிய ஒரு திரை நட்சத்திரம். ரசிகர் கூட்டம் குறையவில்லை. மகள் வயதுக் கதாநாயகியோடு டூயட் ஆடுவதும் நிற்கவில்லை. அவருக்குள் இருந்த கலைஞன்தான் வெகுநாள் முன்பே ஓய்ந்துவிட்டான். மூளையில் கட்டி, நாட்கள் எண்ணப்படுகின்றன என்று தெரிந்ததும், தன்னை ஆளாக்கிய இயக்குநர் மார்க்கதரிசியிடம் போய்க் கடைசியாக ஒரு நல்ல படம் கேட்கிறார். இடையில் பகையாகிப்போன உறவு அது.

கதை, திரைக்கதையை எழுதி நடித்தவர் கமல்ஹாசன். இயக்கியவர் ரமேஷ் அரவிந்த். மார்க்கதரிசியாக வருபவர் கே. பாலசந்தர். ‘அரங்கேற்றம்’ (1973) முதல் கமலை வளர்த்தெடுத்தவர் அவரே. ரமேஷ் அரவிந்தையும் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ‘சலங்கை ஒலி’யில் கமலை இயக்கிய கே. விஸ்வநாத், மருமகனை மசாலாப் படங்களிலேயே கட்டிப்போடும் மாமனார் பூர்ணசந்திர ராவாக வருகிறார். மனோரஞ்சன் வாழ்ந்த பொய்யில் பாதி இந்த மாமனார் ஏற்பாடு செய்தது.

குருவும் சீடனும் எடுக்கும் படத்துக்குள் படம், எட்டாம் நூற்றாண்டுக் கூத்துக் கலைஞன் உத்தமனின் கதை. சாவிலிருந்து தப்பித் தப்பி வருவதால் அவன் சாகாவரம் பெற்றவன் என்று ஊர் நம்புகிறது; அந்த ரகசியத்துக்கு அலைகிறான் நாசர் நடித்த அரசன். சாகப்போகும் நடிகன் சாகாதவனாக வேடம் கட்டுகிறான் என்பது நல்ல கற்பனை. வில்லுப்பாட்டும், வடகேரளத்துத் தெய்யத்தின் முகவண்ணமும், இரணியன் கூத்தும் அதில் கலந்திருக்கின்றன. ஜிப்ரானின் இசை இவற்றை ஒன்றாகக் கட்டுகிறது.

ஆனால் சிரிக்கவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எடுக்கப்படும் அந்தப் பகுதியில் சிரிப்பு குறைவு. காட்சிகள் நீள்கின்றன, நகைச்சுவை வசனத்திலேயே தங்கிவிடுகிறது. படத்தின் பெரிய குறை இதுதான்.

மனோரஞ்சன் தேடிய கலை, அவர் எடுக்கும் படத்துக்கு வெளியேதான் கிடைக்கிறது. பல ஆண்டுகள் மறைத்துவைக்கப்பட்ட ஒரு கடிதத்தை அவருடைய மேனேஜர் சொக்கு (எம்.எஸ். பாஸ்கர்) வாசிக்கிறார். கண்ணாடி முன் உட்கார்ந்து அரிதாரத்தைக் கலைத்தபடியே மனோரஞ்சன் கேட்கிறார். வண்ணம் போகப் போக, நட்சத்திரம் விலகி, இழந்த காதலையும் பார்க்காத மகளையும் நினைத்து நொறுங்கும் ஒரு வயதான மனிதர் மிஞ்சுகிறார். குரல் உயர்த்தாமல், பின்னணிக் கூச்சல் இல்லாமல் நடக்கிறது எல்லாம். அந்த மகளாக வரும் பார்வதியின் கோபமும், மனைவியாக வரும் ஊர்வசியின் ஆற்றாமையும் இதே தரத்தில் நிற்பவை.

உலக சினிமாவில் சாப்ளினின் ‘லைம்லைட்’ (1952), மைக்கேல் கீட்டன் நடித்த ‘பேர்ட்மேன்’ (2014) ஆகியவையும் மங்கிய கலைஞன் மீண்டெழ முயல்வதையே பேசின. ‘பேர்ட்மேன்’ நாயகன் தன் திறமையை ஊருக்கு நிரூபிக்கத் துடிக்கிறான். மனோரஞ்சனின் கணக்கோ குருவோடும், பெற்ற பிள்ளைகளோடும், தன்னோடும்தான். அதனால்தான் இது இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது.

படத்தில் குரு இருக்க, சீடன் போகிறான். நிஜத்தில் பாலசந்தர் 2014 டிசம்பர் 23 அன்று, படம் திரைக்கு வருமுன்பே மறைந்தார். ஒரு நடிகராக அவர் விட்டுச்சென்ற பெரிய வேடம் மார்க்கதரிசி.