வெள்ளக் கட்டுரையில் விடுபடும் பாதி

மாணவர்களே, வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் குப்பை, அடைபட்ட கால்வாய் என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். தப்பில்லை, ஆனா அது பாதிதான்.

2021 டிசம்பரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங் என்பதே நமக்குப் பழக்கம். அந்த முறை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் கடந்து, சிலாங்கூரில் ஒரு மாத மழையை ஓரிரு நாளில் கொட்டியது. நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்தது? காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். பஞ்சு பெருத்தால் பிழியும்போது தண்ணியும் அதிகம், அவ்வளவுதான். உலகம் ஏற்கெனவே 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது.

அதற்காக, 'இவ்வெள்ளத்திற்குப் பருவநிலை மாற்றமே காரணம்' என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். 'கனமழை பெய்யும் வாய்ப்பு கூடுகிறது' என்று எழுதுங்கள், அதுதான் சரி.

ஆசிரியர்களே, 'சொந்த அனுபவத்தை எழுது' என்று கேட்குமுன் கொஞ்சம் யோசிங்க. கூரைமேல் நின்ற பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.